காளியாத்தாள் பிடித்த பிடி

காளியாத்தாள் முதன்முதலாக ஓர் எலும்பை உடைத்தது கபடிக் களத்தில். பாலக்காட்டில் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டி அது. எதிரணியிலிருந்து பாடிவந்த பெண் நல்ல உயரம். ஆளைத் தொட்டுவிட்டு அவள் திரும்பும்போது காளியாத்தாள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். அந்தப் பெண் நடுக்கோட்டை நோக்கித் துள்ளினாள். காளியாத்தாள் விடவில்லை. பச்சை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கேட்ட பிறகும், நடுவர் விசில் ஊதும்வரை, அவள் பிடியைத் தளர்த்தவில்லை. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கூட ஆடியவர்கள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். அடிபட்ட பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பின், குழாயடியில் முகம் கழுவும்போது, அந்தச் சத்தம் இன்னும் தன் உள்ளங்கைக்குள் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. அது தனக்குப் பிடித்திருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கைக்கு வேலை அதற்கு முன்பே வந்துவிட்டது. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே அவர்களுடைய வீடு. அப்பனுக்கு மாட்டை அடிக்கும் சாட்டையும் அம்மாவை அடிக்கும் சாட்டையும் ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீரை மாற்றிவிடவில்லை என்றால் அடி. கடலைக்கொடியை மழை நனைத்தால் அடி. அம்மா சுப்பாத்தாள் சத்தம் போடமாட்டாள். சத்தம் போட்டால் அடி கூடும். காளியாத்தாள் பத்தாவது படித்த வருஷம், ஒரு சாயங்காலம், ஓங்கிய அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தாள். அப்பன் அவள் வயிற்றில் உதைத்தார். பிடி விடவில்லை. மறுபடியும் உதைத்தார். அவள் அந்தக் கையைத் திருகினாள். சாட்டை கீழே விழுந்தது. அப்பன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "உடு கழுதை, உடு" என்று முனகினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் மேலும் அடி விழவில்லை. அதைப் பற்றி அங்கே யாரும் பேசவும் இல்லை. அடிக்கிற கையை நிறுத்த அதைவிட வலுவான கை வேண்டும், வேறெதுவும் உதவாது என்று மட்டும் காளியாத்தாள் மனசில் பதிந்துபோனது.

உடற்கல்வி படித்து முடித்த கையோடு அர்த்தநாரிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சொந்தத் தோப்பு, லாரி எல்லாம் உள்ள குடும்பம். டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு காலையில் ரோட்டில் ஓடக் கூடாது என்றான் அவன். அவள் ஓடினாள். ஒரு நாள் வாசலிலேயே கொண்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தான். அவள் முழங்கையால் அவன் மூக்கில் இடித்தாள். அவன் தடுமாறியபோது இடுப்போடு தூக்கி, உரித்துக் குவித்திருந்த தேங்காய் மேல் வீசினாள். விலா எலும்பு விரிசல் விட்டது. உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். "பொம்பளையா இது, பேயி" என்றாள் மாமியார். அர்த்தநாரி தூரத்திலேயே நின்றான். அவள் பக்கத்தில் வரவே பயந்தான். அவன் கண்ணில் தெரிந்த அந்தப் பயம் அவளுக்கு அப்பனை அல்ல, அம்மாவை நினைவுபடுத்தியது. துணிமணியை எடுத்துக்கொண்டு சுப்பாத்தாளிடமே திரும்பி வந்தாள். அப்பன் அதற்குள் செத்துப்போயிருந்தார்.

பிறகு கிடைத்ததுதான் டிரில் டீச்சர் என்ற ஒப்பந்த வேலை. ஒன்று முதல் நாலாவது வரை உள்ள தமிழ்ப் பள்ளி. ஓட்டுக் கட்டடம், முன்னால் செம்மண் கிரவுண்டு, ஓரத்தில் இரண்டு வேம்பு. பிள்ளைகள் அவளைக் காளி டீச்சர் என்பார்கள். தவளைத் தாவல், கயிறு இழுத்தல், கோ-கோ, குட்டிக்கரணம் என்று அவள் பீரியடில் கிரவுண்டு புழுதி பறக்கும். விழுந்து எழுந்து வந்து அழுகிற பிள்ளையிடம், "அழுதுட்டே ஓடு, ஓடறக்கு வாயி வேண்டாம்" என்பாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே ஓடும், பாதியில் சிரித்துவிடும்.

ஒன்று மட்டும் மற்ற டீச்சர்கள் கவனித்திருந்தார்கள். காளி டீச்சர் எந்தப் பிள்ளையையும் தொடமாட்டாள். அடிப்பது கிடக்கட்டும், கோணலாக நிற்கும் தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றாலும் விசில் நுனியால்தான் சுட்டிக் காட்டுவாள். முதல் வகுப்பு எப்சிபா டீச்சர் ஒரு முறை சிரித்துக்கொண்டே காரணம் கேட்டாள். "எனக்கு என்ற கைய நம்ப முடியாதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

தை மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த ஒரு காலை. நாலாம் வகுப்புக்கு டிரில். "கை முன்னால! கை பக்கத்துல! கை மேல!" என்று காளியாத்தாள் சொல்லச் சொல்லக் கைகள் ஏறி இறங்கின. இரண்டாவது வரிசையில் கிருத்திகாவின் வலது கை மட்டும் தோள் மட்டத்தோடு நின்றுபோனது.

"ஏங்கண்ணு, கைக்கு என்னாச்சு?"

"ஒன்னுமில்லீங்க டீச்சர்."

"மேல தூக்கு, பாக்கலாம்."

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்த்தாள். கை ஏறவில்லை. கண்ணில் நீர் நிறைந்தது, ஆனால் அழவில்லை. சட்டையின் தோள்பட்டையில் மஞ்சளாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

காளியாத்தாள் அவளைத் தலைமை ஆசிரியை சிசிலியின் அறைக்கு அழைத்துப் போனாள். சிசிலி டீச்சர்தான் சட்டையை விலக்கிப் பார்த்தாள். தோளிலிருந்து முதுகின் பாதிவரை, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை கறுத்து வீங்கியிருந்தது. நடுவில் தோல் கிழிந்து, துணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆரு அடிச்சது கண்ணு?"

"கெணத்து மேட்டுல உளுந்துட்டனுங்க."

விழுந்தால் இப்படித் தடம் வராது. தோப்பு வீட்டில் வளர்ந்தவளுக்கு மோட்டார் பெல்ட்டின் அகலம் தெரியும். பிள்ளையை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வந்து, "சைல்ட்லைனுக்குச் சொல்லோணுங்க டீச்சர், இன்னிக்கே" என்றாள்.

சிசிலி டீச்சர் நெற்றியைத் தடவிக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் அப்பன் பூபதிராஜா பி.டி.ஏ. பிரசிடென்ட். பள்ளிக்கு மோட்டார் போட்டுக் கொடுத்தவன், ஆண்டுவிழாவுக்குப் பந்தல் போடுகிறவன், கூப்பிட்டால் டிராக்டரோடு வந்து நிற்பவன். "நான் பாத்துக்கறேன் காளியே. நீ கிளாஸுக்குப் போ, கேட்டோ?" என்று மலையாளம் கலந்து சொன்னாள்.

அவள் பார்த்துக்கொண்டது இப்படித்தான். குழந்தைகள் உதவி மையமான சைல்ட்லைனுக்குப் பேசுவதற்கு முன்னால், விஷயம் பெரிதாகாமல் முடியட்டும் என்று, பூபதிராஜாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்து மூன்றாம் வகுப்பு கோ-கோ ஆடிக்கொண்டிருந்தது. கிருத்திகா வீட்டுக்குப் போகமாட்டேன் என்று வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். புல்லட் ஒன்று கேட்டைத் தாண்டி நேராகக் கிரவுண்டுக்குள் வந்தது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிதறி ஓடின. பூபதிராஜா வண்டியை நிறுத்தவில்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு இறங்கினான். புறங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. அது அவன் மனைவியின் ரத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் புகார் சொன்னது அவள்தான் என்று நினைத்து, அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

நேராகப் போய் மகளின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

"ஆருகிட்டடி சொன்ன? சொல்லு, ஆருகிட்ட சொன்ன?"

"நான் சொல்லலீங்ப்பா... நான் உளுந்துட்டேன்னுதான் சொன்னேன்..."

அவள் இடுப்பில் ஓர் உதை விழுந்தது. பிள்ளை மண்ணில் சுருண்டாள். முடியை விடாமல் வண்டிப் பக்கம் இழுத்தான். செம்மண்ணில் அவள் குதிகால் இரண்டு கோடு போட்டுக்கொண்டு போனது.

காளியாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். "புள்ளைய உடுங்க."

"என்ற புள்ள. வெச்சுக்குவேன், வெட்டிப் போடுவேன். நீ ஆருடி கேக்கறதுக்கு? புருசன அடிச்சுத் தொரத்துன நாயி."

"எல்லாரும் கிளாஸுக்குள்ள ஓடுங்க!" என்று அவள் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். அவர்கள் வராந்தா வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டார்கள். அவள் முகம் திரும்பிய அந்த நேரத்தில் பூபதிராஜா மகளை விட்டுவிட்டு, கோட்டோரம் கிடந்த கிரிக்கெட் ஸ்டம்பை எடுத்து அவள் காதோடு சேர்த்து அடித்தான். காதுக்குள் விசில் ஊதியதுபோல இருந்தது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதை அவள் வாங்கவில்லை. உள்ளே புகுந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கனத்த ஆள். காளியாத்தாளுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் பிடி பழைய பிடிதான். கையைத் திருகி, காலை வாரி, முகம் மண்ணில் படத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினாள். ஸ்டம்ப் உருண்டு போனது. அவன் திமிறினான், கெட்ட வார்த்தை சொன்னான், காறித் துப்பினான். அவள் கையை இன்னும் மேலே ஏற்றினாள். அவன் குரல் மாறியது.

"உட்டுரு டீச்சர்... போதும்... தெரியாமப் பண்ணீட்டேன், உட்டுரு..."

உடம்பு தளர்ந்துவிட்டது. சண்டை அங்கே முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஆட்டத்தில் ஒருத்தியின் உடம்பு தோற்றுப்போவதைக் கைக்குள் உணர்ந்தவள். வராந்தாவிலிருந்து சிசிலி டீச்சர், "காளியே, மதி! மதி!" என்று, போதும் போதுமென அலறியதும் கேட்டது. எல்லாம் கேட்டும் அவள் அந்தக் கையை ஒரே இழுப்பில் மேலே திருகினாள். முழங்கையில் முறிந்தது. அவன் போட்ட ஓலத்தில் வேம்பிலிருந்த காக்கைகள் கிளம்பின. அவளுக்கு அதுவும் போதவில்லை. பின்தலையைப் பிடித்து, முகத்தை மண்ணோடு மோதினாள். மறுபடியும் மோதினாள்.

மூன்றாவது முறை தூக்கியபோது அவள் புருவத்தில் ஓர் அடி விழுந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. அவனோடு வந்த வேறு ஆள் என்று நினைத்து, கையை முஷ்டியாக ஓங்கிக்கொண்டு திரும்பினாள்.

கிருத்திகா நின்றிருந்தாள். வலது கை தூக்க வராததால் இடது கையில் ஸ்டம்ப்.

"எங்கப்பாவ உடு! உடு! எங்கப்பாவ உடு!"

காளியாத்தாளின் முஷ்டி அந்தரத்தில் நின்றது. ஒரு பிள்ளையின் மேல் இறங்க அது எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பதை அவள் பார்த்தாள். அடுத்த அடி வாயில் விழுந்தது. முன்பல் உடைந்து நாக்கில் கிடந்தது. அவள் தடுக்கவில்லை. முழங்காலை எடுத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்தாள். பிள்ளை இன்னும் ஓர் அடி அடித்துவிட்டு ஸ்டம்பைக் கீழே போட்டாள். பிறகு அப்பனின் தலைமாட்டில் உட்கார்ந்து, பாவாடையால் அவன் முகத்து ரத்தத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் பூபதிராஜா ஆண்கள் வார்டிலும் காளியாத்தாள் பெண்கள் வார்டிலும் கிடந்தார்கள். மறுநாள் பிள்ளையின் அம்மா சிவசங்கரி வந்தாள். ஒரு கண் முழுக்க மூடி வீங்கியிருந்தது. கட்டிலோரம் நின்றபடியே பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். அவ உங்க மேல கோவத்துல அடிக்கலீங்க. அவரு என்னைய அடிக்க வந்தா, இவ நடுவுல வந்து நின்னுக்குவா. அந்தப் பெல்ட்டடியும் எனக்கு உளுக வேண்டியதுதான். நேத்து அவரு அடி வாங்கறதப் பாத்திருக்கா, அங்கயும் வந்து நின்னுட்டா. ஆரு அடிக்கறாங்க, ஆரு வாங்கறாங்கன்னு அவளுக்கு வித்தியாசம் தெரியறதில்லீங்க."

காளியாத்தாளின் வாயில் தையல். கட்டிலோரத்தைத் தட்டி அவளை உட்காரச் சொன்னாள்.

வெளியே அவள் பெயர் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சத்துணவுக் கூடத்திலிருந்து யாரோ போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஸ்டம்பால் அவன் அடிப்பது, அவள் அவனை வீழ்த்துவது, அவ்வளவுதான் அதில். கெஞ்சல் வருவதற்கு முன்பே வெட்டியிருந்தார்கள். கொழிஞ்சாம்பாறைச் சந்தையருகே இளைஞர் மன்றம் ஒன்று அவளுடைய கபடிக்கால போட்டோவைத் தேடி எடுத்து ஃபிளக்ஸ் வைத்தது. கீழே 'வீரத்தாய்' என்று போட்டிருந்தது. அவளுக்குப் பிள்ளையே கிடையாது.

வீடு திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்சிபா டீச்சர் பார்க்க வந்தாள். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னாள். இன்டர்வெல்லில் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு ஆடுகிறார்களாம். ஒருவன் குப்புறப் படுத்துக்கொள்வான், அவன்தான் பிரசிடென்ட். இன்னொருவன் முதுகில் ஏறிக் கையைத் திருகுவான். அவன் காளி டீச்சர். சுற்றி நிற்கிறவர்கள் 'உடு, உடு' என்று கத்துவார்கள். மேலே இருப்பவன் விடாமல், நாக்கை மடக்கி 'டிக்' என்று சத்தம் எழுப்ப வேண்டும். எல்லோருக்கும் காளி டீச்சராக இருக்கத்தான் ஆசை. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நிஜமாகவே மணிக்கட்டு பிசகிவிட்டது.

அன்றைக்குக் காளியாத்தாள் சோறு உண்ணவில்லை. சுப்பாத்தாள் தட்டோடு வந்து, "அவனுக்கு அது வேணும், நீ ஏஞ்சாமி பட்டினி கெடக்கற?" என்று கேட்டாள். "அவனுக்கு வேணும்மா. அந்தக் குஞ்சுகளுக்கு என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு கேஸ் பதிவாயின. பிள்ளையையும் மனைவியையும் அடித்ததற்குப் பூபதிராஜா மேல் ஒன்று. கையை முறித்து, அவன் பல் உடையும்படி முகத்தை மோதியதற்குக் காளியாத்தாள் மேல் ஒன்று. வக்கீல் ஜோபி தெளிவாகச் சொல்லிக் கொடுத்தார். "அவன் அடிச்சான், நீ தடுத்த, இழுபறியில கை ஒடிஞ்சு போச்சு. இத்தனை பறஞ்சா மதி. வீடியோ நமக்கு அனுகூலம்."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டபோது அவள் வேறு சொன்னாள்.

"உட்டுருன்னு சொன்னாருங்க சார். ரெண்டு தடவ சொன்னாரு. எனக்கு நல்லாக் கேட்டுது. அதுக்கப்பறமாத்தான் ஒடிச்சேனுங்க."

எஸ்.ஐ. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரே, நல்லா ஆலோசிச்சுச் சொல்லு. இது உனக்குக் கேடு."

"ஆலோசிச்சுட்டனுங்க."

"பின்னே எதுக்கு ஒடிச்ச?"

அவள் தன் கையைப் பார்த்தாள். "ஒடிக்கோணும்னு இருந்துச்சுங்க."

வக்கீல் வெளியே வந்து பைலை ஸ்கூட்டர் சீட்டின் மேல் அடித்தார். அவள் சொன்னது வெளியே தெரிந்ததும் ஊரும் கைவிட்டது. ஃபிளக்ஸை இரண்டு நாளில் இறக்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சிசிலி டீச்சர் விசாரணைக்கு அலைந்துவிட்டு வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனாள். போகும் முன் காளியாத்தாளின் வீட்டு வாசல்வரை வந்தாள். உள்ளே வராமல், "நான் அந்தப் போன் செய்யாம இருந்திருக்கணும் காளியே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பூபதிராஜா சிறையில் இருந்து ஜாமீனில் வந்தான். சிவசங்கரி அதற்கு முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலந்தாவளத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஒரு முறை அங்கே போய்க் கதவை உதைத்தான். அண்ணன்காரன் அரிவாளோடு வெளியே வந்ததும் திரும்பினான்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் கோர்ட்டில் இரண்டு கேஸும் ஒரே நாளில் வந்தன. காளியாத்தாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கிருத்திகா சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஓர் அங்குலமாவது வளர்ந்திருப்பாள். அம்மா வக்கீலோடு பேசிக்கொண்டிருக்க, பிள்ளை மெல்ல நடந்து வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். காளியாத்தாளின் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நான் அடிச்சதுங்களா?"

"ஆமா கண்ணு."

"வலிச்சுதுங்களா?"

"வலிச்சுது."

"எங்கப்பாவுக்கு?"

"அவருக்கும் வலிச்சுது. என்னையவிட ஜாஸ்தி."

பிள்ளை தலையாட்டினாள். தரையில் காலால் கோடு போட்டாள். "எங்கப்பாவுக்கு இப்ப அந்தக் கைல சோறு திங்க முடியாதுங்க. நான் உள்ள பாத்தேன், எடது கைலதான் கும்புட்டாரு."

எது சொன்னாலும் அது தன்னை நியாயப்படுத்துவதாகத்தான் போய் முடியும் என்று காளியாத்தாளுக்குத் தோன்றியது. பிள்ளைதான் மறுபடி பேசினாள்:

"டீச்சர், நீங்க எங்க புது ஸ்கூலுக்கு மட்டும் வந்தறாதீங்க."

"வரமாட்டேன் கண்ணு."

"மெய்யாலும்?"

"மெய்யாலும்."

பிள்ளைக்கு அது போதுமாயிருந்தது. எழுந்து போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சிவசங்கரி தூரத்திலிருந்தே கையைக் குவித்தாள். பிறகு இருவரும் படியிறங்கி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள்.

காளியாத்தாளின் கேஸைச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று ஜட்ஜ் மலையாளத்தில் கேட்டார். கிளார்க் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"ஒத்துக்கறனுங்க."